குளிரு கேட்டா சூடு

வாங்க தம்பி, செருப்பக் கழட்ட வேண்டாம், வாசல் பூரா ஆயிலு. அந்தா மரத்தடில நிக்குது பாருங்க, அந்த வண்டிதான். சாவி இந்தாங்க. நீங்க ஏறிப் பாத்துக்கிட்டிருங்க, நான் பின்னால வந்து பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன். எனக்கு முட்டி வலி, இத்தன ஒசரம் ஏறறதுக்குள்ள சித்த நேரமாகும்.

வந்துட்டேன். அதுக்குள்ள இத்தன கழட்டிப் போட்டீங்களா? சரி, உங்க சோலிய நீங்க பாருங்க. ஆனா ஒண்ண மொதல்லயே சொல்லிப்போடறேன். வண்டி சரியாகறது ரெண்டாம்பட்சம். எனக்கு உங்க வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வேணும். இதுல எவனோ வேணும்னே கை வெச்சிருக்கான்னு ஒரு வார்த்தை. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம லாரிக்காரங்க சங்கத்துல கூட்டம். வையாபுரின்னு ஒரு டிரைவர். அவன இனிமே சங்ககிரில எவனும் ஸ்டியரிங்கத் தொட விடக்கூடாதுன்னு முடிவு பண்ணப்போறாங்க. பிராது குடுத்தது நான்தான். கண்ணுல பாத்த சாட்சி இருக்குதான்னு கேக்கறாங்க. பாத்தவங்க யாரு இருக்கறாங்க? வண்டியப் பிரிச்சுப் பாத்தவரு சொன்னா அதுதான் சாட்சி. அதுக்குத்தான் பள்ளிபாளையத்துலிருந்து உங்களக் கூட்டியாரச் சொன்னேன்.

ஏசில கேஸ் இருக்குதான்னு பாக்கறீங்களா? எல்லாம் இருக்கும். சேலத்துக்காரன் ஒருத்தன் வந்து கேஸ் அடச்சான். இன்னொருத்தன் வந்து கம்ப்ரஸரையே மாத்துனான். பியூசு, ஒயரு, பெல்ட்டு, எல்லாம் புதுசு. மூணு நாளைக்கு நல்லா இருக்கற மாதிரி இருக்கும், மறுபடி பழைய குருடிதான். இது என்ன வியாதின்னா, குளிரு கேட்டா சூடு ஊதும், சூடு கேட்டா குளிரு ஊதும். எங்கயாவது கேட்டிருக்கீங்களா இப்பிடி? மெசினு தானா இப்பிடிப் பண்ணாதுங்க. மனுசன் பண்ணுனாத்தான் இத்தன வன்மம் இருக்கும்.

எப்ப ஆரம்பிக்குதா? வண்டி எடுத்த உடனே சரியாத்தான் இருக்கும். குளிரு வெச்சா குளிரும். அரை மணி, முக்கால் மணி போச்சுன்னா அப்பிடியே மாறிக்கும். இமாச்சலம் போனப்பவும் அதே கதைதான். மொதல்ல வெதுவெதுன்னு வருமாம், மலை ஏற ஏறக் காத்து சில்லுனு ஆயிருமாம். எங்கண்ணன் மகன் லோகு, அவன்தான் இப்ப ஓட்டறான், போன நடைக்குப் போயிட்டு காய்ச்சலோட வந்து படுத்தான். மார்கழில மறுபடி போகோணும்.

உங்களுக்கு மொதல்லிருந்து சொன்னாத்தான் புரியும். இது வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. காத்துல கரண்டு எடுக்கற பெரிய காத்தாடி நிறுத்தற கம்பெனிக்காரன் பழசாயிருச்சுன்னு ஏலத்துல விட்டான். எங்க ஊட்டுக்காரரு குழந்தைவேலு, அவரு போயிப் பாத்துட்டு வந்து, சாரதா, உள்ள உக்காந்தா ஊடு மாதிரி இருக்குது, எத்தன குளிரு வேணும்னு நம்பரு வெச்சுட்டாப் போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்னாரு. சின்னப் புள்ள மாதிரி சந்தோசம் அவருக்கு. நான் சொன்னேன், எடுங்க, ஆனா லோகு ஓட்டட்டும்னு. நம்ம பையன், நம்ம ரத்தம். கேக்கலையே. வையாபுரிதான் ஓட்டோணும்னுட்டாரு. அவன் எங்க வண்டில ஏறி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. எந்த டயரு வாங்கறது, எந்த லோடு ஏத்தறது, எந்த ரோட்டுல போறது, எல்லாம் வையாபுரி சொன்னாத்தான் இவருக்கு வேதம். ரெண்டு பேரும் டீக்கடைல உக்காந்தா நான் போன் பண்ணுனாக்கூட எடுக்க மாட்டாரு. கட்டிக்கிட்டு வந்தவ நானா அவனான்னு எத்தனையோ நாள் கேட்டிருக்கறேன். சிரிப்பாரு. அந்தச் சிரிப்பு இருக்குதே, அது எனக்கு ஆகவே ஆகாது.

என்னங்க அது, டார்ச்சு அடிச்சுக் கீழ பாக்கறீங்க? சுடுதண்ணி போற குழாயா? தொட்டுப் பாக்கறீங்களா? அது ரெண்டையும் ஒருத்தன் சேத்துக் கட்டிப்போட்டான் தம்பி. இந்த ஊருக்கு எதுக்குங்க ஹீட்டருன்னு சொல்லி, இஞ்சின் தண்ணி உள்ள வராம அப்பிடியே திருப்பிவுட்டான். நம்ம பக்கத்து மெக்கானிக்கு எல்லாருமே அப்பிடித்தான பண்றாங்க. நல்ல வேளையா லோகு பாத்துப்போட்டு மறுபடி மாட்டச் சொன்னான். இல்லீன்னா இமாச்சலத்துல அவன் வெறச்சே போயிருப்பான்.

எங்க விட்டேன்? ஆங், வையாபுரி. அவன் சாமி இல்லாதவன் தம்பி. கும்புடுவான், இல்லைங்கல. பழனிக்கு நடந்துகூடப் போவான். ஆனா மனசுல கெடையாது. எப்பிடித் தெரியும்னு கேட்டீங்கன்னா, நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வண்டி ஊட்டுல நின்னா, கழுவிப்போட்டு சந்தனம் குங்குமம் வெப்பேன். ஸ்டியரிங்குக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு, அப்பறம் இங்க டேஷ்போர்டு நடுவுல ரவுண்டா சல்லடை மாதிரி இருக்குதல்லங்க, இதுக்கு ஒண்ணு. பாருங்க, நெத்தி மாதிரியே இல்ல? பொட்டு வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி எடம். இத அந்த வையாபுரி தொடச்சுப்போடுவான். மத்த ரெண்டையும் வுட்டுருவான், இத மட்டும் தொடச்சுப்போடுவான். ஈரத் துணிய வெச்சு, குச்சியக் குடுத்து நோண்டி, சுத்தமா எடுத்துப்போடுவான். நான் வெக்க வெக்க அவன் எடுக்க எடுக்க. கேட்டதுக்கு என்ன சொன்னாந் தெரியுமா? அக்கா, வண்டி இது வழியாத்தான் மூச்சு வுடுது, இதுல மட்டும் வேண்டாங்க்கான்னான். வண்டிக்கு மூக்காம். என்னமோ பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி எங்கிட்டச் சொல்றான். எங்க ஊட்டுக்காரரு அதுக்கும் சிரிச்சாரு.

அப்ப வெச்சேன் அவன் மேல கண்ணு. பொறுத்துக்கிட்டே இருந்தேன்.

சித்திரைல ஜபல்பூருக்கு போர்வெல் பைப்பு லோடு. எங்க ஊட்டுக்காரரு, நானும் ஒரு நடை போயிட்டு வர்றேன், இந்த வண்டில ஒரு நாளாவது தூரமாப் போகோணும்னு ஆசையா இருக்குதுன்னாரு. சரின்னுட்டேன். அவரு போற வண்டியாச்சேன்னு அன்னிக்கு நல்லாக் கெட்டியா அரச்சு, பெருசா வெச்சேன் பொட்டு. இந்த சல்லடை பூராவும் மூடற மாதிரி. நான் தட்டத்த எடுத்துக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள அவன் துணிய எடுத்துக்கிட்டு ஏறறான். எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். எறங்குடான்னேன். எரியற கற்பூரத் தட்ட அவனுக்கு முன்னால நீட்டி, அவரு தலைமேல ஆணை, வண்டி ஊரு வந்து சேர்ற வரைக்கும் இந்தப் பொட்டத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுடான்னேன். அவன் எங்க ஊட்டுக்காரரப் பாத்தான். அவரு, அடப் பண்ணித் தொலையேன்யா, நேரமாகுதுன்னாரு. கையடிச்சுச் சத்தியம் பண்ணுனான். மத்ததுல எப்பிடியோ, அவரு மேல சத்தியம்னா அவன் மீற மாட்டான். அது எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு இருந்த நிம்மதி, இத்தன வருசத்துல இருந்ததில்ல.

நாக்பூர் தாண்டி மத்தியான வெயில்ல போயிட்டிருக்கறாங்க. இவரு பின்னால படுக்கைல திரைய இழுத்துவுட்டுட்டுத் தூங்கிட்டாரு. ஏசி நல்லாத்தான ஓடுது, எதுக்குக் கண்ணாடியத் தெறக்கறதுன்னு எல்லாம் மூடிக் கெடக்குது. கொஞ்ச நேரத்துல அனலா ஊத ஆரம்பிச்சிருச்சு. இவன் சொல்றான், உடனே அமத்திப்போட்டுக் கண்ணாடிய எறக்குனேன், வெளிய அதுக்கும் மேல நெருப்பா அடிச்சுது, அண்ணனக் கூப்பட்டேன், கொளறுனாருன்னு. ஒரு கெணத்தடில நிறுத்தி, இவரு மேல குடங்குடமாத் தண்ணி ஊத்தி, ஈரத் துண்டப் போத்தி, ஆஸ்பத்திரில கொண்டுபோயிச் சேத்திருக்கறான். வேட்டி சட்டையெல்லாம் சேறு. அங்கயே இவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. டாக்டரு, தண்ணி ஊத்துனதாலதான் உசுரு தப்புச்சுன்னாராம். அப்பிடி டாக்டரச் சொல்ல வெச்சதும் இவனாத்தான் இருக்கும்.

ஊருக்குக் கொண்டாந்து எறக்குனாங்க. போனப்ப சிரிச்சுக்கிட்டுப் போன மனுசன், வாய் கோணி, வலது கை வெளங்காம. நான் வாசல்ல உழுந்து அழுதேன். அப்ப இவன் வந்து நின்னு என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க? அக்கா, நான் சந்தனத்தத் தொடலைங்க்கான்னான். அதையே சொல்லிச் சொல்லி அழுதான். எம்புருசன் பொணமாட்டம் கெடக்கறாரு, இவனுக்குச் சந்தனந்தான் பெருசாப் போச்சு. செருப்பக் கழட்டி எறிஞ்சேன். நெத்தில பட்டுது. இன்னுங் கொஞ்சம் ஓங்கி எறிஞ்சிருக்கலாம்.

அப்பறம் நல்லா ரோசன பண்ணிப் பாத்தேன் தம்பி. அவன் ஓட்டுன வரைக்கும் ஏசி நல்லா இருந்துச்சு. இவரு ஏறுன அன்னிக்குக் கெட்டுப்போச்சு. அவன எறக்கி லோகுவ ஏத்துனதுலிருந்து ஒரு நடைகூட நல்லா இல்ல. அப்ப என்ன அர்த்தம்? என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கறான். லோகுகிட்ட வண்டி போகப்போகுதுன்னு அவனுக்கு ஒரு வயித்தெரிச்சல். இத நீங்களே ஒத்துக்குவீங்க.

வுடல நான். ஒவ்வொரு வண்டிக்காரர் ஊடாப் போனேன். முட்டி வலியோட போனேன். அவன ஏத்துனீங்கன்னா என்ற ஊட்டுப் படி மிதிக்காதீங்கன்னேன். ஒருத்தரும் ஏத்தல. இப்பக் கோழிப் பண்ணைல தீவன மூட்ட தூக்கறான். அந்த வழியா எனக்கு ஒரு சோலியும் இல்ல, ஆனாலும் கார அந்தப் பக்கம் வுடச் சொல்லி, கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டு வருவேன். முதுகு வளஞ்சு, தலை பூரா தவிட்டுப் பொடியோட நின்னான் ஒரு நாளு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை சேத்துச் சாப்பட்டேன். பொய் சொல்லலைங்க, அப்பிடி இருந்துச்சு எனக்கு. அவன் சம்சாரம் வந்து எங்க வாசல் கேட்டோரமா நின்னா. வெயில்ல நிக்கட்டும்னு வுட்டுட்டேன்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கும் போயிட்டு வந்தேன். அங்க ஞாயம் கேக்கறதுக்கு மொளகா அரச்சுப் பூசுவாங்க, உங்களுக்குத் தெரியுமில்ல? அரச்சேன். கை ரெண்டும் எரிய எரிய அரச்சேன். பேரு சொல்லல. ஆத்தா, எம்புருசன இந்தக் கதிக்கு ஆளாக்குனது யாரோ, அவங்க குடும்பம் உருப்படக்கூடாதுன்னேன். பேரு எதுக்குங்க, அவளுக்குத் தெரியாததா?

எங்க ஊட்டுக்காரருக்கும் அவன் மேல அத்தன கோவம். பேச்சு வராது, ஆனா எல்லாம் வெளங்கும். வையாபுரி பேர எடுத்தாலே வாய மூடிக்குவாரு, கஞ்சி எறங்காது. ஒருக்கா நேராவே கேட்டேன், வையாபுரிதான பண்ணுனான், ஆமான்னா கண்ண மூடித் தொறங்கன்னு. மூடவே இல்ல. என்னையே மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். நெஞ்சுக்குள்ள எத்தன ஆத்திரம் இருந்தா அப்பிடிப் பாப்பாரு சொல்லுங்க.

என்னங்க, காலண்டர் தாளக் கிழிச்சு என்ன பண்றீங்க? சல்லடை மேல வெக்கறீங்க. நிக்கலையா? கீழ உழுகுது. நின்னா என்ன, உழுந்தா என்ன? நிக்கோணுமா? உள்ள இழுத்துப் புடிக்கோணுமா?

ஏங்க, அது பொட்டுங்க. அத எதுக்குங்க நோண்டறீங்க. உள்ள தள்ளாதீங்க. இத்தன போயிருக்குதா? கட்டி கட்டியா வருதே. கல்லு மாதிரி ஆயிருச்சு. ஆமா, வாராவாரம் வெக்கறதுதான். லோகு தொட மாட்டான், அவன் நல்ல பையன்.

என்ன சொன்னீங்க? சித்த மெதுவாச் சொல்லுங்க. இதுக்குள்ள குட்டியா ஒரு காத்தாடி. அது வண்டிக்குள்ள இருக்கற காத்தக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்து, எத்தன சூடு இருக்குதுன்னு பாக்கும். சரி. அடச்சுப்போச்சுன்னா? பக்கத்துல ஏசிக் காத்து போற குழாயோட குளிரத்தான் அது பாக்கும். குழாய் குளுந்து கெடக்குது, அதனால வண்டியே குளுந்து போச்சுன்னு நெனச்சுக்கும். நெனச்சு, சூட்டத் தொறந்துவுடும். ஹீட்டரு போட்டா அதுக்குத் தலைகீழ்.

அப்பிடிங்களா.

இப்ப வெச்ச தாளு ஒட்டிக்கிச்சே. சரி, ஓட்டிப் பாருங்க. ஓடட்டும். நான் உக்காந்திருக்கறேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

குளிரு நிக்கவே இல்லீங்களே. முக்கால் மணிக்கு மேலயே ஆயிருக்கும். இத்தன பேரு வந்து பாத்தாங்க, ஒருத்தனுக்குந் தெரியல. நீங்க எப்பிடி தம்பி இந்த சல்லடைக்கு வந்தீங்க? கெட்டிக்காரருதான். ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?

யாரு சொன்னது?

வையாபுரியா? எப்ப வந்தான் உங்ககிட்ட? நேத்தா? மூட்ட தூக்கப்போனவன் அங்க எதுக்கு வந்தான்? லோகு மார்கழில மலைக்குப் போறான், ஹீட்டரு நின்னா பனில கண்ணாடி மறச்சுக்கும், பள்ளத்துல வுட்டுருவான், போயி அத மட்டும் எடுத்துவுடுங்கன்னு சொன்னானா? தான் சொன்னேன்னு சொல்லக்கூடாதுன்னானா? நீங்க அவன் சொன்னத நம்பாம, கேஸு, குழாய், ஒயரு எல்லாம் மொதல்ல பாத்துப்போட்டுத்தான் இதுக்கு வந்தீங்களா.

பாத்தீங்களா, பாத்தீங்களா. செஞ்சவனுக்குத்தான தெரியும் எங்க செஞ்சோம்னு. இதுதான் தம்பி சாட்சி. இதையே சொல்லுங்க சங்கத்துல. வையாபுரி வந்து எடத்தக் காட்டிக்குடுத்தான்னு சொல்லுங்க. வேற ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். சந்தனம் கிந்தனம்னு ஆரம்பிக்காதீங்க. தலைய ஆட்டாதீங்க தம்பி, நான் உங்கம்மா வயசு.

சந்தனம் அடச்சா இப்பிடி ஆகும்னு அவன் நல்லபடியா எடுத்துச் சொல்லியிருக்கோணுமா இல்லையா? மூக்கு, மூச்சுன்னு சொன்னா எனக்கு என்ன தெரியும்? சத்தியம் பண்ணுனா என்ன? ஆளு சாகக் கெடக்கறப்ப சத்தியம் பெருசா? நான் பாக்கவா போறேன், ஒரு வெரலக் குடுத்து நோண்டியிருந்தா முடிஞ்சுபோச்சு. அவரு தலைமேல வெச்ச சத்தியம்னு பயந்தானாம். மீறுனா அவருக்கு ஆகாதுன்னு பயந்தானாம். உங்ககிட்ட அதையுஞ் சொன்னானா? அழுதானா?

அமத்துங்க தம்பி. போதும். எனக்குக் குளிருது.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. சங்கத்துல போயி, அவன் மேல தப்பில்லைன்னு நான் சொல்லோணும். சரி, சொல்றேன்னே வெச்சுக்குங்க. எந்திரிச்சு நிக்கறேன், அத்தன பேருக்கு முன்னால சொல்றேன். உடனே என்ன கேப்பாங்க? அவன் பண்ணலைன்னா அப்பறம் யாரு பண்ணுனதுன்னு கேப்பாங்கல்ல. கேக்காம வுடுவாங்களா? அதுக்கும் ஒரு பதிலச் சொல்லிப்போட்டு நான் ஊட்டுக்கு வரோணும். வந்து கஞ்சி காச்சி, அவருக்குப் பக்கத்துல உக்காந்து, மொகத்தப் பாத்து ஊட்டோணும். மூணு வேளையும் ஊட்டோணும், அவரு இருக்கற வரைக்கும். அவரு என்னையப் பாத்துக்கிட்டே இருப்பாரு. என்னால முடியாதுங்க.

அதனால அவன்தான் பண்ணுனான். நாலு மணிக்குப் போயி அதைத்தான் சொல்லப்போறேன். சாட்சி இல்லாட்டிப் பரவால்ல, நான் அழுதாப் போதும், நம்புவாங்க. நீங்க வர வேண்டாம். எறங்குங்க தம்பி.